சுழியும் கணக்குதான்

பியோர்ண்டாலுக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். போன ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுப் பாட்டி ஜன்னலோரம் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். ஜனவரி கடைசி வார இறுதியில் நார்வே முழுக்க ஜனங்கள் தோட்டத்துக்கு வரும் பறவைகளை எண்ணுவார்கள். நானும் ஒரு மணி நேரம் கூட இருந்தேன். ஒரே பனி, ஒரு குருவிகூட வரலை. பாட்டி தாளில் சுழி போட்டார்.

"ஒண்ணும் வரலையே, அதை எதுக்கு எழுதறீங்க?"

"எழுதலைன்னா வரலைங்கறது யாருக்குத் தெரியும்?"

சுருக்கென்றது. காரணம் கடைசியில் சொல்றேன்.

எங்க செங்கல்பட்டுப் பக்கம் பறவைக்கும் காகிதத்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. வெள்ளைக்கார சிப்பாய்கள் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798 வாக்கில் எழுத்து மூலமாகவே பாதுகாப்பு வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமாச்சே, விடுவார்களா!

நீர்ப்பறவைகளை நாடு நாடாக எண்ணுவது 1967-ல் தொடங்கியது. ஏன் ஜனவரி? கோடையில் வடக்கே கூடு கட்டும்போது அவை எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். குளிர்காலத்தில்தான் கூட்டமாக ஒரே இடத்தில் தங்கும். சைபீரியாவில் பிறந்த வாத்தை நம்ம ஏரியில் எண்ணுவது சுலபம். 1987-ல் இந்தியத் துணைக்கண்டத்திலும் இது ஆரம்பித்தது. எண்ணுவதில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தொண்டர்கள். பெரிய கூட்டம் என்றால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அதை வைத்து மிச்சத்தை அளப்போம்.

இந்த எண்ணுக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டுங்க. 1971-ல் உருவான ராம்சார் ஒப்பந்தத்தின் அளவுகோல்களில் ஒன்று, வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் தங்கும் இடம். இன்னொன்று, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 சதவீதம் வந்து தங்கும் இடம். யாராவது வருஷாவருஷம் எண்ணியிருந்தால்தானே காட்ட முடியும்? தமிழ்நாட்டில் 2002-ல் கோடியக்கரை அந்தப் பட்டியலில் சேர்ந்தது. வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும் சேர 2022 ஆயிற்று. நடுவே, 2015-ல் நம்ம ஆட்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பையும் தொடங்கினார்கள்.

இப்போ என் கதை. கல்லூரியில் மூணு வருஷம் எங்க ஊர் ஏரியில் எண்ணினேன். ஊசிவால் வாத்தெல்லாம் வரும். நாலாவது வருஷம் கரையெல்லாம் குப்பை, ஒரு நத்தைகுத்தி நாரைகூட இல்லை. வெறுத்துப்போய் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அப்புறம் ஏரியின் ஒரு மூலையை மண் போட்டு மூட வந்தபோது, குப்பை கொட்டியதால்தான் பறவை நின்றுபோச்சு என்று ஊரில் வாதாடினார்கள். "எந்த வருஷம் நின்றது? எழுத்தில் இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை. என் மூணு வருஷத் தாளும் பறவை இருந்ததைத்தான் சொன்னது. அந்த மூலை போயே போச்சு.

நேற்று தம்பிக்கு போன் பண்ணினேன். "ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போய் எண்ணுடா. ஒண்ணுமில்லைன்னா சுழின்னு எழுது."

"பைத்தியமாண்ணா?" என்றான். ஆனா போறேன்னு சொல்லியிருக்கான்.