ஆவாரம்பட்டையும் கார் இருக்கையும்

கம்பைநல்லூரைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியை நீங்கள் பார்த்திருக்கலாம். பழைய கார் வாங்கப் போகும்போது அந்தச் செடியை நினைத்துக்கொள்ளுங்கள் என்றால் வியப்பாக இருக்கும், அல்லவா?

"அந்தக் காலத்துத் தோல் இருக்கைக்கு ஈடேது?" என்பார் காரை விற்பவர். அது எவ்வளவு உண்மை என்று பார்ப்போம்.

பச்சைத் தோல் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. அது விரைவில் அழுகும். நீரில் சூடாக்கினால் சுமார் 60 முதல் 65 டிகிரி செல்சியசில் சுருங்கிவிடும். இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து நிலைப்படுத்துவதே பதனிடுதல். நம் தோல் தொழிலாளர்கள் ஆவாரம்பட்டையிலுள்ள துவர்ப்பொருளைக் கொண்டு இதைச் செய்தனர். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துத் தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குச் சென்றது. பட்டையால் பதனிட்ட தோல் சுருங்குவது பொதுவாக 75 முதல் 85 டிகிரியில்.

1884இல் அமெரிக்கரான அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் அம்முறையைச் சோதித்தார். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததுதான். குரோமியம் இழைகளை உறுதியாகப் பிணைப்பதால், அத்தோல் கொதிநீரையும் தாங்கும். பட்டைக்கு வாரக்கணக்கில் ஆன வேலை சில நாட்களில் முடிந்தது.

அப்படியானால் புதிய இருக்கைதான் சிறந்ததா? அவசரப்பட வேண்டாம். பழைய ஆடம்பரக் கார்களில் மேற்புறம் தேய்க்கப்படாத முழுத்தோலின்மேல் மெல்லிய பூச்சுதான் இருந்தது. பராமரித்தால் அது பல பத்தாண்டுகள் உழைக்கும்; வெயிலில் விட்டால் உலர்ந்து வெடிக்கும். பிற்காலக் கார்கள் பலவற்றில் மேற்புறத்தைத் தேய்த்துச் சமன் செய்து, பாலியூரித்தேன் பூசுகிறார்கள். கறை படியாது, ஆனால் நீங்கள் தொடுவது தோலையன்று, பூச்சைத்தான். உட்காரும் பகுதிக்கு மட்டும் தோலும், பக்கங்களுக்கு ரெக்சினும் வைப்பதுண்டு.

ஆகவே வாங்குமுன், இருக்கை உறையின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறம் மெல்லிய இழைகளாகச் சொரசொரப்பாக இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின் வகை. தோலாக இருந்தால், மயிர்த்துளைகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். ஒரே அச்சு திரும்பத் திரும்ப வந்தால், அது இயந்திரம் பதித்த வடிவம்.

தோலுக்குக் கார் விலையில் சேராத ஒரு விலையும் உண்டு. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு, நிலத்தடி நீரைக் கெடுத்தது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. 1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், நீரில்லாமலே குரோமியத்தால் பதனிடும் முறையை உருவாக்கியிருக்கிறது.

எனவே, இருக்கையின் தரத்தைக் காரின் வயது சொல்லிவிடாது. எப்படிப் பதனிட்டார்கள், எதைப் பூசினார்கள், எப்படிப் பராமரித்தார்கள் என்று கேளுங்கள். அந்தக் கழிவு எந்த ஆற்றில் கலந்தது என்பதையும் சேர்த்துக் கேட்பது நம் கடமை.