உலக்கையும் குறிப்பேடும்

1986இல் மட்டக்களப்பில் பெண்கள் உலக்கைகளுடன் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் மறித்து நின்றது இராணுவத்தை அல்ல. விடுதலைப் புலிகள் ரெலோ இயக்கத்தினரைத் தேடித் தேடிக் கொன்றுகொண்டிருந்த நாட்கள் அவை. சாக இருந்தவர்களும் தமிழ்ப் பிள்ளைகள், கொல்ல வந்தவர்களும் தமிழ்ப் பிள்ளைகள். இடையே போய் நின்றவர்கள் மட்டக்களப்பு அன்னையர் முன்னணியைச் சேர்ந்த பெண்கள். நமது போராட்ட வரலாறுகள் பலவற்றில் இந்நிகழ்ச்சி இல்லை. இருக்கும் இடங்களிலும் ஒரு வாக்கியத்துக்கு மேல் அது பெறுவதில்லை. அந்த விடுபடலைப் பற்றித்தான் இங்கே எழுத முனைகிறேன்.

அன்னையர் முன்னணி முதலில் தோன்றியது யாழ்ப்பாணத்தில், 1984இல். அரச படைகள் இளைஞர்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்துச் சென்ற காலம். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், வழக்கு எதுவுமின்றி ஒருவரை 18 மாதங்கள் வரை அடைத்துவைக்க இடங்கொடுத்தது. தம்பியைத் தேடி முகாமுக்குப் போகிற அண்ணன் தானும் திரும்பி வராமற் போகலாம். தாய் போகலாம். ஆகவே தாய்மார் போனார்கள். முதலில் தனித்தனியாக, பிறகு திரளாக. படிப்பு, சாதி, வசதி ஆகியவற்றால் பிரிந்து கிடந்த பெண்கள் ஒரே கோரிக்கையில் சேர்ந்தது யாழ்ப்பாணச் சமூகத்தில் சாதாரண விஷயமல்ல.

‘தாய்’ என்ற சொல் அவர்களுக்கு ஓர் அனுமதிச் சீட்டாக இருந்தது. மகனைக் கேட்டு அழுகிறவளைத் துரோகி என்பதும் பயங்கரவாதி என்பதும் எந்த அதிகாரத்துக்கும் சங்கடம். ஆனால் அந்த அனுமதிக்கு எழுதப்படாத நிபந்தனை ஒன்று உண்டு. அவள் தன் பிள்ளைக்காக மட்டுமே அழ வேண்டும். அதுவும் எதிரி கொண்டுபோன பிள்ளைக்காக. மட்டக்களப்புப் பெண்கள் மீறியது இந்த நிபந்தனையைத்தான். பிடிபட்டவன் எந்த இயக்கம் என்று கேளாமல், பிடிக்க வந்தவன் நம்மவன் என்றும் பாராமல் அவர்கள் நின்றார்கள். நெல்லும் மாவும் இடிக்கிற உலக்கை அன்று ஓர் அரசியல் நிலைப்பாடாயிற்று. யாழ்ப்பாணத்து முன்னணியோ, ஒரே இயக்கத்தின் பிடி இறுகிய பிறகு சுயேச்சையாக இயங்க இயலாமல் நலன்புரி வேலைகளுக்குள் சுருங்கிப்போயிற்று.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மட்டக்களப்பு முன்னணியைச் சேர்ந்த பூபதி, 1988 மார்ச் 19இல் மாமாங்கேஸ்வரர் கோயில் முன்றலில் உண்ணாவிரதம் தொடங்கினார். இந்திய அமைதிப்படை போரை நிறுத்த வேண்டும், புலிகளுடன் பேச வேண்டும் என்பன அவர் கோரிக்கைகள். ஏப்ரல் 19இல் உயிர் துறந்தார். அவருடைய உறுதியில் எனக்கு ஐயமில்லை. அவர் நினைவு என்ன ஆயிற்று என்பதே என் கேள்வி. அவர் ‘அன்னை’ ஆனார், நாட்டுப்பற்றாளர் ஆனார், ஆண்டுதோறும் ஒரு நாள் பெற்றார். உலக்கை தூக்கியவர்களுக்கு ஊரறிந்த பெயர்கூட இல்லை. ஒரே ஊர், ஒரே முன்னணி. ஒருவர் அந்நியப் படைக்கு எதிரே பட்டினி கிடந்தார், மற்றவர்கள் சொந்தத் துப்பாக்கிக்கு எதிரே நின்றார்கள். எதை ஞாபகம் வைப்பது என்பதைத் துப்பாக்கியே தீர்மானித்தது.

இதைத் தமிழரின் தனிக் குறையாகச் சொல்ல வரவில்லை. தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சியும் அரசின் பதிலடியும் முடிந்த பின், 1990 ஜூலையில் மாத்தறையில் இன்னோர் அன்னையர் முன்னணி உருவாயிற்று. 1992 அளவில் அதில் ஏறத்தாழ 25,000 சிங்களப் பெண்கள் இருந்தார்கள். அவ்வாண்டு ஜனாதிபதி பிரேமதாசவின் பிறந்த நாளன்று கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தேங்காய் உடைத்துச் சாபமிட்டார்கள். ஆனால் அமைப்பின் கடிவாளம் சுதந்திரக் கட்சியின் இரு பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இருந்தது: மங்கள சமரவீர, மகிந்த ராஜபக்‌ஷ. 1990 செப்டம்பரில், காணாமற்போனோர் விவரங்களுடன் ஜெனீவாவுக்குப் புறப்பட்ட ராஜபக்‌ஷவிடமிருந்து அந்தப் பத்திரங்களைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பொலிஸார் பறித்தார்கள். 1994இல் அக்கட்சி தலைமையிலான கூட்டணி பதவிக்கு வந்தது, முன்னணி ஓய்ந்தது. 2005இல் ராஜபக்‌ஷ ஜனாதிபதியானார். அவர் ஆட்சியில் காணாமற்போன தமிழர்களின் தாய்மார், அவர் அன்று சுமந்தவை போன்ற படங்களையே ஏந்தித் தெருவுக்கு வந்தார்கள்.

தாய்மையின் அனுமதிச் சீட்டைக் கேளாமல் பேசியவர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம இரு பெண் குழந்தைகளின் தாய். எனினும் அவர் சாட்சியாகவே பேசினார். இந்திய அமைதிப்படைக் காலத்தில் பெண்கள் பட்டதைக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். சக ஆசிரியர்களுடன் எழுதிய ‘முறிந்த பனை’ அரசையும் இந்தியப் படையையும் இயக்கங்களையும் ஒரே தராசில் நிறுத்தது. 1989 செப்டம்பர் 21இல், சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். ‘தோழி’ இதழை நடத்திய கவிஞர் செல்வி 1991 ஆகஸ்டில் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டார், திரும்பவில்லை. உலக்கை ஒரு கணம் ஒரு கொலையை மறிக்கப் பார்க்கும். குறிப்பேடோ கொன்றவனை என்றைக்கும் விடுவதில்லை. அதனால்தான் குறிப்பேடு வைத்திருந்தவர்களை முதலில் தேடினார்கள் என்று நினைக்கிறேன்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள்; வவுனியாவும் முல்லைத்தீவும் தொடர்ந்தன. 2009 மே மாதத்தில் தம் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்த பிள்ளைகளைக் கேட்கும் தாய்மார் அவர்களில் இருக்கிறார்கள். அரசு 2016இல் சட்டமியற்றி ஓர் அலுவலகம் அமைத்தது. இழப்பீட்டையும் மரணச் சான்றிதழையும் வாங்க மறுத்து, என்ன நடந்தது என்று மட்டுமே கேட்டவர்கள் பலர். விடை கேட்டபடியே இறந்தவர்களும் பலர்.

நமது கவிதையில் தாய் பெரும்பாலும் காத்திருக்கிறாள், வாசலில், விளக்கோடு. 1986இல், அந்த உலக்கைகள் தெருவுக்கு வந்த அதே ஆண்டில், யாழ்ப்பாணத்தில் ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பு வெளிவந்தது. தலைப்பே ஒரு குற்றச்சாட்டு. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் சொல்லப்படாதவற்றில் முதன்மையானது, நம் பெண்கள் நம்மையே எதிர்த்து நின்ற கதை. ‘அன்னை’ என்று எழுதிக் கும்பிட்டால் அந்தக் கதையைக் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பெண்களில் இன்னும் இருப்பவர்கள் முதுமையடைந்திருப்பார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடு போதும்.