வன்னிப் புகையிரதப் பாதையும் அதன் வரைபடங்களும்

1905 ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்து நேரடிப் புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என வன்னியை ஊடறுத்துச் சென்ற அப்பாதை, 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வவுனியாவுக்கு வடக்கே முற்றாக நின்றது. பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு மீண்டும் வண்டி வந்தபோது, அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த இருபத்திரண்டு வயது இளைஞன் தன் ஊர் நிலையத்தில் கண்ட முதற் புகையிரதம் அதுவே.

ஒரு தலைமுறையின் கண்ணுக்கு எட்டாது போன அந்தப் பழைய பாதை இன்று தாளில் மட்டுமே வாழ்கிறது. அத்தாளைத் தேடுவதைப் பொழுதுபோக்காளரின் வேலையென நாம் ஒதுக்கிவிடலாகாது. பாதையை யார், யாருக்காக, எவ்வழியாக இட்டார்கள் என்ற கேள்விக்கு அதுவே முதற் சான்று.

தேட வேண்டிய இடங்கள் சில உள. 1800 இல் நிறுவப்பட்ட நில அளவைத் திணைக்களம், ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் நாடு முழுவதற்கும் வரைபடத் தாள்களை வெளியிட்டது. பாதை, நிலையம், தெரு, குளம், கிராமம், ஒற்றையடிப்பாதை யாவும் அத்தாள்களில் உண்டு. ஒரே தாளின் வெவ்வேறு காலப் பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஊர் வளர்ந்த கதை விளங்கும். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் குடியேற்ற ஆட்சிக்காலத்து நிர்வாக அறிக்கைகளைப் பார்வையிடலாம். பாதைக்கெனக் காணி எடுத்த வேளைகளில் வரையப்பட்ட படங்கள் வேறொரு வகை.

இவற்றை வாசிக்கும்போது முதலிற் புலப்படுவது, அப்பாதை வன்னிக்காக இடப்பட்டதன்று என்பதே. பாதை வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1895 இல், சிவில் சேவை உத்தியோகத்தரான ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றிய தமது கைந்நூலை வெளியிட்டார். காடும் குளமும் காய்ச்சலும் சூழ்ந்த அக்கால வன்னியை அதிலே காணலாம். வடக்கில் முதலில் வண்டி ஓடியது 1902 இல், காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே. வன்னி, இரு முனைகளை இணைக்கக் கடந்தாக வேண்டிய இடைவெளியாகவே கொள்ளப்பட்டது. முல்லைத்தீவைத் தண்டவாளம் தொடவில்லை, இன்றுவரை தொடவுமில்லை. அம்மக்கள் புகையிரதத்தைப் பிடிக்க மாங்குளம் வரை தெருவழியே வந்தாக வேண்டும்.

ஆயினும் பாதை தன்னை இட்டவர்களின் நோக்கத்தோடு நின்றுவிடவில்லை. 1936 இல் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தின் காணியற்ற உழவர் இரணைமடு நீரை நம்பி வந்தனர். காட்டை வெட்டிக் கழனியாக்கினர். நிலையத்தைச் சுற்றி ஒரு நகரம் எழுந்தது. வரைபடத்தில் பாதைக்கு இருமருங்கும் பெருகிய வயல்களும் வாய்க்கால்களும் அம்மக்களின் உழைப்பைக் காட்டுவன.

மதவாச்சியிலிருந்து செட்டிகுளம் வழியாகத் தலைமன்னாருக்குச் செல்லும் பாதை 1914 இல் திறக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குத் தொழிலாளரைக் கொண்டுவருவதில் அப்பாதைக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கு முன் அவர்கள் இக்காடுகளினூடே கால்நடையாக மலைநாட்டுக்குச் சென்றனர். வழியில் மாண்டோர் பலர். அவர்களுடைய புதைகுழிகளை எந்த வரைபடமும் குறிக்கவில்லை. 2009 இல் இலட்சக்கணக்கான வன்னி மக்கள் முட்கம்பிக்குள் வைக்கப்பட்ட முகாம்களும் அதே செட்டிகுளத்திலேயே அமைந்தன.

நிலையங்களின் தண்டவாள அமைப்புப் படங்கள் இன்னும் நுட்பமான செய்திகளைத் தருகின்றன. வடபகுதிப் பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிராக வரும் இரு வண்டிகள் கிளைப்பாதையுள்ள நிலையத்தில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க இயலும். பழைய பாதையில், நிலைய அதிபர் கையளிக்கும் 'டேப்லட்' தகட்டைப் பெறாமல் சாரதி அடுத்த பகுதிக்குள் வண்டியைச் செலுத்த இயலாதிருந்தது. ஆகவே கிளைப்பாதை எங்கே, கைகாட்டி எங்கே, சரக்குக் கொட்டகைக்குப் பிரியும் பாதை எவ்வளவு நீளம் என்பவற்றைப் பார்த்தால், எந்த ஊரில் சரக்கு ஏறியது, எங்கே தொழிலாளர் இரவும் பகலும் விழித்திருந்தனர் என்பதை உய்த்துணரலாம். பொறியியலாளனின் கோடுகளில் உழைப்பின் வரலாறு உறைந்து கிடக்கிறது.

இது பழங்கதை மட்டுமன்று. இந்தியக் கடனுதவியுடன் புதிதாக இடப்பட்ட பாதை, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை எட்டிற்று. நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் பாதுகாப்பற்ற கடவைகளில் உயிர்கள் பலியாகும் செய்தியையும் கேட்டு வருகிறோம். இடப்பெயர்வுக்கு முன் எந்தக் கிராமத்தின் பாதை எவ்விடத்தில் தண்டவாளத்தைக் கடந்தது, பிள்ளைகள் எவ்வழியே பாடசாலைக்குச் சென்றனர் என்பதற்குப் பழைய தாள்கள் சான்று பகரும். கடவைக்குக் காவலாளி வேண்டுமென மனுக் கொடுக்கும் ஊரவரின் கையில் அத்தாள் வலுவான ஆவணம். காணி உறுதியை யுத்தத்தில் இழந்து, பாதைக்கு ஒதுக்கிய நிலத்தின் எல்லை எதுவெனக் கேட்டு நிற்கும் உழவனுக்கும் அஃது அவ்வாறே.

தாள் அழியக்கூடியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. இனியும் காத்திருத்தல் தகாது. வன்னிப் பாடசாலைகளில் கற்பிக்கும் நாமும் நம் மாணவரும் இதைச் செய்யலாம்: நம் ஊர் அடங்கிய ஓரங்குலத் தாள்களின் பிரதிகளைப் பெற்றுப் பாடசாலை நூலகத்தில் வைப்போம். ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர்களைச் சென்று காண்போம். பழைய நேர அட்டவணைகள் அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கக்கூடும். நிலையத்தின் அமைப்போ அவர்கள் நினைவில் நிற்கும். அவர்கள் சொல்லச் சொல்ல மாணவர் வரையட்டும். வரைந்ததைத் தாள்களோடு ஒப்பிட்டுத் திருத்தட்டும். பெயர்த்தெடுக்கப்பட்ட பாதையின் வரலாற்றை, அதன் ஓரத்தில் வாழ்ந்த மக்களின் பிள்ளைகளே எழுதட்டும்.