மதில்களும் மணல்மேடும்

மன்னர்களின் உள்ளத்தை அறிய அவர்களுடைய கல்வெட்டுகள் மட்டுமல்ல, அவர்கள் எழுப்பிய மதில்களும் உதவும். பெருமையைக் கல்வெட்டு சொல்லும். அச்சத்தை மதில் சொல்லும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில், பெயரிலேயே கோட்டையைத் தாங்கிய கோட்டைப்பட்டினத்திற்கு அருகில், மீனவர் ஊரான ஜெகதாப்பட்டினம் உள்ளது. இங்கிருந்து ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க இரண்டு இடங்கள் உண்டு. மேற்கே ஆவுடையார்கோயில், அறந்தாங்கி வழியாகச் சென்றால் திருமயம் கோட்டை. தெற்கே கடற்கரைச் சாலையில் சென்று உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் ஓரியூர். முன்னதற்குச் சுற்றுலாவாகவும் பின்னதற்குத் திருப்பயணமாகவும் செல்வது நம் வழக்கம். ஆனால் இவ்விரண்டும் ஒரே மன்னரின் ஆட்சியைச் சேர்ந்தவை. அவர், 1710இல் மறைந்த கிழவன் சேதுபதி.

திருமயம் கோட்டையை அவர் கட்டியது 1687இல். ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்பில், பாறைக்குன்று ஒன்றைச் சுற்றி மதில்கள் வளைந்து செல்கின்றன. ஏழு சுற்று மதில்கள் இருந்தன என்பர். இன்று அவற்றுள் சிலவே எஞ்சியுள்ளன. குன்றின் தென்சரிவில் சிவனுக்கும் திருமாலுக்கும் அமைந்த குடைவரைக் கோயில்கள், கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை. உச்சியில் பீரங்கி மேடை. அங்கு நின்றால் நாற்புறமும் வெகுதொலைவு கண்ணுக்கு எட்டும். தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்திற்கு மாற்றி, அதனையும் மதில் சூழ்ந்த நகராக்கியவர் இவரே. மதுரை நாயக்கரின் மேலாண்மையை உதறித் தனியாட்சி காண முனைந்தவருக்கு வெளியிலும் பகை இருந்தது. அரியணைக்கு உரிமை கோரக்கூடிய உறவினரால் உள்ளேயும் கலக்கம் இருந்தது.

இப்பின்னணியில்தான் புனித அருளானந்தரின் வரலாற்றை நாம் வாசிக்க வேண்டும். 1647இல் லிஸ்பனில் பிறந்து, 1673இல் இந்தியா வந்து, பண்டாரசாமியாக வாழ்ந்து மறைப்பணி ஆற்றியவர் அவர். 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டுக் கொடிய வதைகளுக்கு உள்ளானார். ஆயினும் சேதுபதி அவரைக் கொல்லவில்லை. இந்நாட்டில் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து விடுவித்தார். கோட்டை எழுந்தது அதற்கு அடுத்த ஆண்டில்.

ஐரோப்பா சென்று திரும்பிய அருளானந்தர் மீண்டும் மறவர் நாட்டிற்குள் வந்தார். அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியை மட்டும் ஏற்று ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் கடலை என்பவர் சேதுபதியின் உறவுப்பெண். அவர் மன்னரிடம் முறையிட்டார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள், பாம்பாற்றங்கரை மணல்மேட்டில் அருளானந்தரின் தலை வெட்டுண்டது.

நம் மறையுரைகளில் கடலை பெரும்பாலும் பழி சுமப்பவராகவே வருகிறார். தான் செய்யாத ஒரு முடிவினால் மணவாழ்வை இழந்த பெண் அவர் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? அவரது கண்ணீர் ஒன்றே அக்கொலைக்குக் காரணம் என்றும் கொள்ளலாகாது. தடியத்தேவர் அரியணைக்கு உரிமை கொண்டாடக்கூடியவர். அவரைச் சுற்றிப் புதியதொரு சமூகம் திரள்வதைச் சேதுபதியால் பொறுக்க முடியவில்லை. குன்றைச் சுற்றி மதில்களை வளைத்த அதே அச்சம்தான் ஓரியூரில் வாளாக வந்தது. இவ்வாறு காண்பதால் மறைசாட்சியின் மாண்பு சிறிதும் குறைவதில்லை. ஒரு மனிதரின் சொல்லுக்கு ஓர் அரசே அஞ்சியது என்பது அப்போதுதான் விளங்குகிறது.

இராமநாதபுரம் 1772இல் ஆங்கிலேயப் படையிடம் வீழ்ந்தது. திருமயம் கோட்டை இன்று தொல்லியல் துறையின் காவலில் நிற்கிறது. 1947இல் புனிதர் பட்டம் பெற்ற அருளானந்தரைத் தேடி மக்கள் இன்றும் ஓரியூருக்கு வருகின்றனர். அச்செம்மண்ணைக் கையில் எடுத்துச் செல்கின்றனர்.

அடுத்த முறை ஓரியூர் செல்வோர் ஒரு நாளைத் திருமயத்திற்கும் ஒதுக்கட்டும். பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்டி, அதைக் கட்டியவர் யார் என்று சொல்லட்டும். மணல்மேட்டில் செபிக்கையில் மறைசாட்சியை நினைக்கும் நாம், அம்மன்னரையும், பெயரளவில் மட்டுமே நாம் அறிந்த கடலையையும் இறைவனின் இரக்கத்திற்கு ஒப்படைப்பது முறையாகும்.