மேகத்தில் மறைந்தவையும் நாடாவில் மீண்டவையும்

பயனரின் கோப்புகளைத் தொலைதூர வழங்கிகளில் காத்துவைக்கும் முறையான மேகச் சேமிப்பில், தொலைந்தவற்றைத் தேடும் கலை விபத்துகளின் வழியாகவே வளர்ந்தது. 2009 அக்டோபரில், மைக்ரோசாஃப்டுக்கு உரிய டேஞ்சர் நிறுவனத்தின் வழங்கிகள் பழுதுற்றபோது, சைட்கிக் கைப்பேசியாளர்களின் தொடர்பு எண்களும் படங்களும் பெரும்பாலும் அழிந்தன என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. சில நாள்களில் அவற்றுள் பெரும்பகுதி மீட்கப்பட்டதால், அந்த அறிவிப்பு அவசரமானது எனலாம்.

2011 பிப்ரவரி 27 அன்று ஜிமெயிலில் நேர்ந்தது இன்னும் நுட்பமான சிக்கல். பயனர்களுள் ஏறத்தாழ 0.02 விழுக்காட்டினர் தம் அஞ்சல்பெட்டிகள் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டனர். வட்டு பழுதானால் காக்கும் பொருட்டே பல தரவு மையங்களில் படிகள் வைக்கப்பட்டிருந்தன. ஆயினும் பிழை வன்பொருளில் அன்றிச் சேமிப்பு மென்பொருளின் புதுப்பிப்பில் இருந்தமையால், அது ஒரு படியோடு நில்லாமல் பிற படிகளையும் தாக்கியது. புதுப்பிப்பை நிறுத்திப் பழைய பதிப்புக்குத் திரும்பிய பொறியாளர்கள், வலையமைப்போடு இணையாமல் தனித்திருந்ததால் அவ்வழு தீண்டாத காந்த நாடாக்களை நாடினர். பழமையானது எனப் பலர் ஒதுக்கிய அச்சாதனமே கைகொடுத்தது. ஆனால் வட்டிலிருந்து நொடிப்பொழுதில் படிக்கத்தக்க தரவை நாடாவிலிருந்து மீட்கப் பல மணி நேரம் தேவைப்பட்டது.