படுவான்கரையின் விளக்குகள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் மக்கள் இட்ட பெயர்கள் வெளிச்சத்தை ஒட்டியவை. ஞாயிறு எழும் கிழக்குப் பக்கம் எழுவான்கரை. அது படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் அவ்வாவியின் கிழக்கே நகரமும் கல்லூரிகளும் கடைத்தெருவும் அமைந்தன; மேற்கே வயல் வட்டைகளும் குளங்களும் காடும் பரந்தன. நெல் மேற்கிலிருந்து கிழக்கே சென்றது; மண்ணெண்ணெய் கிழக்கிலிருந்து மேற்கே வந்தது. இக்கொடுக்கல் வாங்கலில் நெல்லின் பக்கத்தைப் பற்றி நம்மவர் எழுதியிருக்கின்றனர். போடியாரும் முல்லைக்காரரும் நமது கட்டுரைகளில் இடம்பெற்றனர். ஆனால் அம்மக்கள் இரவை எந்த வெளிச்சத்தில் கழித்தனர் என்று நாம் கேட்பது அரிது.

இரவு அங்கே ஓய்வின் பொழுதன்று. வேளாண்மை (அப்பகுதியில் இச்சொல் நெற்பயிரையே குறிக்கும்) கதிர் முற்றும் காலத்தில் யானையும் பன்றியும் வட்டைக்குள் இறங்கும். உழவன் பரணில் விழித்திருக்க வேண்டும். வாவியில் தோணி செலுத்துவோர் இறாலையும் நண்டையும் தேடி இருட்டிலே இறங்குகின்றனர். தென்னோலையைக் கட்டிக் கொளுத்திய சூள், அரிக்கன் லாம்பு, வசதி படைத்தவரிடம் பெற்றோமக்ஸ் என இத்தொழில்களுக்கு உதவிய விளக்குகள் பல. வீட்டுக்குள்ளேயோ பெரும்பாலும் ஒன்றுதான்: குப்பி விளக்கு. வெற்றுப் போத்தல், தகர மூடி, அதில் ஒரு துளை, ஒரு திரி. காசு கொடுத்து வாங்கவேண்டியது எண்ணெய் மட்டுமே.

அந்தச் சிக்கனத்தின் விலையை அறிந்தவர்கள் ஆஸ்பத்திரிகளின் தீக்காய விடுதிகளில் வேலை செய்தவர்களே. உயரமான இலேசான போத்தல் கை பட்டதும் சாய்கிறது, உருள்கிறது, இறுக்கமில்லாத மூடி கழன்று எண்ணெய் கொட்டுகிறது. எரிந்தவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர இக்காயங்களுக்கு மருந்திட்டதோடு நின்றுவிடவில்லை. மார்மைற் போத்தலின் குள்ளமான, கனத்த உருவம் அவருக்கு வழிகாட்டியது. சாய்ந்தாலும் உருளாதபடி இருபுறமும் தட்டையாக்கி, திருகுமூடி பொருத்தி, தடித்த கண்ணாடியில் ஒரு சிறு விளக்கை அவர் உருவாக்கினார். 1992இல் தொடங்கிய அம்முயற்சிக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விருது பெரிதன்று. மலிவான பொருளில் உள்ள குறை ஏழையின் விதியன்று, அது வடிவமைப்பின் குறை என்று ஒருவர் எடுத்துக் காட்டினார்; அதுவே பெரிது.

1990இல் மீண்டும் போர் மூண்டபின் விளக்கும் அரசியற் பொருளாயிற்று. வாவியின் மேற்கே பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும், நகரம் அரச படைகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. எரிபொருளும் பற்றரியும் போரிடுவோருக்கும் உதவும் என்பது தடையின் நியாயம். பாடம் படிக்கும் பிள்ளைக்கும் உதவும் என்பதற்கு அந்நியாயத்தில் இடமிருக்கவில்லை. 2002இல் தடை தளர்த்தப்படும்வரை மக்கள் கண்ட உபாயங்கள் வடக்கிலும் கிழக்கிலும் இன்றும் பேசப்படுகின்றன. ஜாம் போத்தலில் சிறிதளவே எண்ணெய் விட்டு, மெல்லிய திரியால் இரவைக் கடத்தினர். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஓய்ந்த பற்றரியை வெயிலில் வைத்தனர். துளையிட்டு உப்புநீர் விட்டனர். இது மூடநம்பிக்கையன்று. உலர்ந்துபோன மின்பகுபொருள் ஈரம் பெற்றால் கலம் சிறிது நேரம் மீண்டும் வேலை செய்யும். வெப்பம் இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்தும். பாடசாலையில் இரசாயனம் கற்பிக்கும் நண்பர்கள் இதனை வகுப்பிற் சொல்லியிருக்கலாம்.

போர் கிழக்கில் 2007இல் முடிந்தது. மின்கம்பங்கள் படுவான்கரையின் பல ஊர்களுக்கு அதன் பின்னரே வந்தன. மண்முனைத்துறையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் சென்ற 'பாதை' 2014இல் பாலம் திறந்ததும் ஓய்ந்தது. இதே காலத்தில் கடைகளிலே புதியதொரு சரக்கு நிறைந்தது: மின்னேற்றிப் பாவிக்கும் மலிவான எல்.ஈ.டி. ரோச் லைற்.

அதன் வெள்ளொளிக்கும் ஒரு கதை உண்டு. வெண்மைக்கு அடிப்படையான நீல ஒளிகாலும் இருவாயி, பிரகாசமாக ஒளிரும் நிலையில் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் 1993இல் வெளிவந்தது. அங்கே பணிபுரிந்த சூஜி நகமூராவுக்கு அக்கண்டுபிடிப்புக்காக நிறுவனம் கொடுத்த வெகுமதி 20,000 யென். அவர் வழக்குத் தொடுத்தார். 2004இல் தோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்குமாறு தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் 2005இல் ஏறத்தாழ 84 கோடி யென்னுக்கு இணக்கம் ஏற்பட்டது. 2014இல் அகசாக்கி, அமனோ ஆகியோருடன் அவரும் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உழைத்தவனுக்கும் உழைப்பின் பயனுக்குமுள்ள தூரத்தை அளக்க இதைவிட நல்ல கோல் கிடைப்பது கடினம்.

இத்தகைய விளக்கொன்றை நாம் கழற்றிப் பார்த்தோம். உள்ளே 4 வோல்ற்று ஈய அமிலக் கலம், ஒரு கொள்ளளவி, சில இருவாயிகள், ஓரிரு தடையிகள், அவ்வளவே. 230 வோல்ற்று மின்னோட்டத்தைத் தணிக்க நிலைமாற்றி இல்லை. ஒரு மைக்ரோபரட் அளவுள்ள கொள்ளளவி ஏறத்தாழ 70 மில்லியம்பியரை மட்டும் செல்லவிடுகிறது. கணக்குச் சரியே. ஆனால் மின்னேறும்போது உள்ளிருக்கும் உலோகம் முழுவதும் வீட்டு மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. வெடித்த பிளாஸ்ரிக் உறையின் ஊடாகக் கை பட்டால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூடி கழன்ற குப்பி விளக்கு இங்கே வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது.

மற்றக் குறைகள் உயிரைப் பறிப்பவையல்ல, காசைப் பறிப்பவை. கலம் நிறைந்தபின் மின்னேற்றம் நிற்பதில்லை; இரவெல்லாம் செருகி வைத்தால் அதிலுள்ள நீர் பிரிந்து வற்றுகிறது. வெறுமையான கலத்தை வாரக்கணக்கில் போட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிவிடுகிறது. ஒளிகாலும் இருவாயிகள் எல்லாவற்றையும் ஒரே கம்பியில் பக்கம்பக்கமாக இணைத்திருப்பதால், சற்றுக் குறைந்த அழுத்தத்தில் ஒளிரும் ஒன்று தன் பங்குக்கு மேலாக மின்னை இழுத்து, சூடேறி, முதலிற் சாகிறது; அதன் சுமை ஏனையவற்றின் தலையில் விழுகிறது. வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் மறுபடியும் கடைக்குப் போகிறார். நிலைமாற்றியின் விலையை உற்பத்தியாளர் மிச்சம் பிடித்தார்; அதைத் தவணை முறையில் கட்டுபவர் பரணிலிருக்கும் உழவர்.

இதற்கு மாற்று உண்டு. சிறிய ரேடியோத் திருத்தகங்களிலேயே செய்யக்கூடியது. ஈயக் கலத்தை எடுத்துவிட்டு, பழைய மடிக்கணினிப் பற்றரியிலிருந்து பெற்ற நல்ல லித்தியக் கலம் ஒன்றை வைக்கலாம். மின்னேற்றத்தை 4.2 வோல்ற்றில் நிறுத்தவும், கலம் அளவுக்கு மீறி வெறுமையாவதைத் தடுக்கவும் சிறு பலகையொன்று கட்டாயம் வேண்டும். இல்லையேல் லித்தியம் தீப்பிடிக்கும்; அதன்மீது நேராக ஈயம் பற்றவைப்பதும் ஆகாது. ஒவ்வொரு வெள்ளை இருவாயிக்கும் தனித்தனியே 47 ஓம் தடையி இட்டால், அது 3.2 வோல்ற்றில் ஒளிரும்போது எஞ்சும் ஒரு வோல்ற்று 21 மில்லியம்பியரை மட்டுமே செல்லவிடும். க.பொ.த. சாதாரணதர மாணவன் போடக்கூடிய கணக்குத்தான். அதைப் பரீட்சைத் தாளில் மட்டும் போட வைத்திருக்கிறோம்.

2022இல் நாடு முழுவதும் இருண்டது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நிலவியது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. கொழும்பு அவ்வாண்டு புதிதாகக் கண்ட இருட்டுப் படுவான்கரைக்குப் புதிதன்று. ஆனால் எண்ணெய்க்குத் திரும்பும் வழியும் அடைபட்டபோது, பழுதென்று மூலையில் போட்ட ரோச் லைற்றுகளை எடுத்துத் திறந்து பார்க்கும் தேவை எழுந்தது.

நாம் கழற்றிய விளக்கு இப்போது கைத்தொலைபேசியின் 5 வோல்ற்று மின்னேற்றியில் ஏறுகிறது. சுவரிற் செருகுவதற்காக உறையிலிருந்து வெளியே தள்ளப்படும் இரு பித்தளைக் கால்களும் எஞ்சியிருந்தன. அவற்றை வெட்டி எடுத்து, எந்தப் பிள்ளையும் மறுபடி சுவரிற் செருகாதபடி அந்தத் துளைகளைப் பசையிட்டு அடைத்தோம்.