பாண்டிய நாட்டுக் குதிரைகளும் குளம்புப் பராமரிப்பும்

பாண்டிய நாட்டில் குதிரை பிறந்து வளர்ந்த விலங்கு அன்று. கடல் வழியே விலைக்கு வந்த விலங்கு. சங்க காலத்துப் பட்டினப்பாலையே கப்பலில் வந்த குதிரைகளைக் குறிப்பிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்த இறக்குமதி பெரும் வணிகமாக வளர்ந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கியும் ஏன் மீண்டும் மீண்டும் வாங்க வேண்டியிருந்தது என்ற கேள்விக்கு, அக்காலக் குறிப்புகளில் கிடைக்கும் விடைகளுள் ஒன்று குதிரையின் பராமரிப்பைப் பற்றியது. குளம்பைப் பேணுவது அதன் முக்கியமான பகுதி.

காயல் துறைமுகமும் குதிரை வணிகமும்

முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268-இல் ஆட்சிக்கு வந்தான். அவன் காலத்தில் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல், குதிரைகள் இறங்கும் முதன்மைத் துறைமுகமாக விளங்கியது. ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து கப்பல்கள் வந்தன. காயலிலிருந்து மதுரைக்குத் தரைவழியே செல்வோர் இன்றைய தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் வெளியைக் கடந்தாக வேண்டும்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இந்த வணிகத்தின் அளவைக் குறித்துள்ளார். கிஷ் தீவின் தலைவர் ஜமாலுதீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் இருந்தது. பிற துறைமுகங்களையும் சேர்த்தால் தொகை 10,000 வரை சென்றது என்கிறார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலமே விலை கொடுத்தது. ஆகவே இழப்பு முழுவதும் வாங்கியவர் தலையில்தான் விழுந்தது.

மாணிக்கவாசகர் வரலாற்றிலும் இதே சூழல் தெரிகிறது. குதிரை வாங்க அரசன் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டார் என்றும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கி அனுப்பினார் என்றும், இரவில் அவை மீண்டும் நரிகளாயின என்றும் கதை செல்கிறது. கடற்கரைக்குப் பொன்னை அனுப்பிக் குதிரை வாங்குவது அரசின் வழக்கமான வேலை என்பதை இக்கதை இயல்பாக எடுத்துக்கொள்கிறது.

மார்க்கோ போலோ கண்டது

1290-களின் தொடக்கத்தில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு 2,000-க்கு மேல் வாங்கப்பட்ட குதிரைகளில் ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். காரணமாக அவர் சொன்னது, குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கு இல்லை என்பது. அவர் குறிப்பிடும் தொழிலாளர், அக்கால ஐரோப்பாவில் லாடம் அடிப்பதையும் குதிரை வைத்தியத்தையும் சேர்த்தே செய்தவர். அத்தகையவர்களை வணிகர்கள் உடன் அழைத்து வரவில்லை. வேறு எவரும் வரவும் விடவில்லை. குதிரைகள் சாகச் சாக விற்பனை பெருகும் என்பது அவர்கள் கணக்கு. நல்ல குதிரைக்கும் நல்ல பெட்டைக்கும் இங்கே பிறக்கும் குட்டி, கால் கோணி ஏறிச் செல்ல உதவாததாக இருந்தது என்றும் அவர் எழுதுகிறார்.

இந்த எண்ணிக்கையை அப்படியே ஏற்க முடியாது. 1311-இல் மாலிக் கபூர் தென்னாட்டிலிருந்து 512 யானைகளையும் 5,000 குதிரைகளையும் கொண்டு சென்றதாக அமீர் குஸ்ரோ குறிப்பிடுகிறார். ஆண்டுதோறும் ஏறக்குறைய எல்லாக் குதிரைகளும் இறந்திருந்தால் இத்தனை குதிரைகள் சேர்ந்திருக்காது. எனினும் இழப்பு பெரிது என்பதில் போலோவும் வஸ்ஸாஃபும் ஒத்துப்போகிறார்கள்.

தீனியும் கட்டுத்தறியும்

வஸ்ஸாஃப் தரும் விவரம் இன்னும் கூர்மையானது. வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்கள். கொழுக்க வேண்டும் என்பதற்காக நாற்பது நாள் முளையில் கட்டியே வைத்தார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி விரட்டினார்கள். வலுவான குதிரைகளும் சிறிது காலத்தில் தளர்ந்து பயனற்றுப் போயின.

இன்றைய கால்நடை மருத்துவ அறிவோடு இதைப் படித்தால் ஒரு நோய் நினைவுக்கு வருகிறது. பழகாத குதிரைக்குத் திடீரென மிகுதியான தானியம் கொடுத்தால் குடலில் நச்சு உண்டாகி, குளம்பின் உட்சதையில் அழற்சி ஏற்படலாம். குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிணைக்கும் திசு தளர்ந்து, குதிரை நிற்கவே வலி கொள்ளும். நகராமல் நிற்பதால் குளம்பின் இரத்த ஓட்டமும் குறைகிறது. இறந்த குதிரைகள் எல்லாம் இதனால்தான் இறந்தன என்று சொல்வதற்கில்லை. வெப்பம், வயிற்றுவலி, ஈ பரப்பும் நோய்கள் ஆகியவையும் குதிரையைக் கொல்லும். ஆனால் அக்கறையோடு கொடுத்த தீனியே குதிரைக்குப் பகையாகியிருக்கக்கூடும்.

குளம்பின் இயல்பு

குளம்பு நம் நகத்தைப் போன்ற கெரட்டின் பொருளால் ஆனது. அது மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. மேலே முளைக்கும் பகுதி முன்நுனி வரை இறங்க ஏறக்குறைய ஓராண்டு ஆகும். புதிய மண்ணுக்கும் தீனிக்கும் ஏற்ற முழுக் குளம்பு உருவாக அத்தனை காலம் வேண்டும்.

அடியில் முக்கோண வடிவில் மெத்தை போன்ற பகுதி உள்ளது. கால் ஊன்றும்போது குளம்பு சற்று விரிந்து, அதிர்ச்சியைத் தாங்கி, இரத்தம் மேலேற உதவுகிறது. வளர்ச்சியும் தேய்மானமும் சமமாக இருக்கும்வரை லாடம் தேவையில்லை. கரிசல் மண்ணில் தேய்மானம் குறைவு. சரளையும் கல்லும் பரப்பிய சாலையில் அதிகம். கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான செனபோன், குதிரை நிற்கும் முற்றத்தில் உருண்டைக் கற்களைப் பரப்பிக் குளம்பை உறுதியாக்கச் சொன்னார்.

லாடமும் சாலையும்

ஆணியடித்த இரும்பு லாடம் இந்தியாவில் இடைக்காலத்தில், துருக்கியப் படைகளின் வருகைக்குப் பிறகு பரவியதாகக் கருதப்படுகிறது. கல் பாவிய சாலைகள் பெருகிய ஆங்கிலேயர் காலத்தில் அதன் தேவை கூடியது. சந்தை நகரமான விருதுநகர் போன்ற ஊர்களில் வண்டி மாடுகளுக்கும் லாடம் கட்டப்பட்டது. மாட்டின் குளம்பு பிளவுபட்டது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடுகள் தேவை. மாட்டைக் கயிற்றால் கட்டிச் சாய்த்து அடிப்பார்கள். குதிரைக்கு நின்ற நிலையில் காலைத் தூக்கி அடிப்பது வழக்கம்.

லாடம் தேய்மானத்தைத் தடுக்கிறது. ஆனால் ஆணி குளம்புச் சுவரைத் துளைக்கிறது, குளம்பின் விரிவைக் குறைக்கிறது, தார்ச்சாலையில் வழுக்கவும் செய்கிறது. கல்லில் உரசினால் தீப்பொறியும் எழும். வெடிமருந்து கையாளும் இடங்களில் இரும்பு ஆணி வைத்த செருப்பைத் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம் என்பது சிவகாசி வட்டாரத்தில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

லாடமின்றிச் சாலையில்

1980-களில் அமெரிக்காவின் காட்டுக் குதிரைகளை ஆராய்ந்த ஜேமி ஜாக்சன், கரடுமுரடான நிலத்தில் நாளும் நெடுந்தூரம் நடக்கும் குதிரைகளின் குளம்பு லாடமின்றியே உறுதியாக இருப்பதை எடுத்துக்காட்டினார். அதன்பின் லாடமில்லா வளர்ப்பு பல நாடுகளில் பரவியது. அதற்குச் சில அடிப்படைகள் உண்டு.

லாடம் கழற்றிய குதிரையை உடனே நெடுஞ்சாலையில் ஓட்டக்கூடாது. முதலில் மண்தரை, பிறகு சிறிது தூரம் கடினத் தரை என்று சில மாதங்கள் பழக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவி ஓரத்தை உருட்ட வேண்டும். தினமும் அடிப்பகுதியில் சிக்கிய கல்லையும் சாணத்தையும் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத் தரையிலேயே நின்றால் குளம்பு அழுகி நாற்றம் வரும்; உலர்ந்த இடம் அவசியம். தானியத்தை அளவோடு கொடுத்து, புல்லையும் வைக்கோலையும் முதன்மையாக்க வேண்டும். குளம்பு சூடாக இருந்தாலோ குதிரை முன்கால் ஊன்றத் தயங்கினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேய்மானம் வளர்ச்சியை மீறும் அளவுக்குச் சாலை வேலை இருந்தால் லாடமோ குளம்புக் காலணியோ தேவைப்படும்.

லாடம் வேண்டுமா வேண்டாமா என்பதைக் குதிரையின் வேலையும் தரையும் தீர்மானிக்கின்றன. இரண்டிலும் குளம்பைப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். பாண்டியர் கருவூலம் 220 தினார் கொடுத்துக் குதிரையை வாங்கியது. அந்த ஆளை வாங்கவில்லை.